அத்தானுக்குக் கிடைத்த நடுப்பங்கு

ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கிராம சேவகர் நம்மை நேரில் பார்த்து, ஆள் இருக்கிறான் என்று கையெழுத்து வைப்பார். உத்தியோக காலம் முழுவதும் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மற்றவர்களின் அந்தப் பத்திரங்களைச் சரிபார்த்து, கையெழுத்துக்குக் கீழே திகதி இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான். என்னுடையதை முதன்முறையாக நிரப்பியபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அன்று பின்னேரமே என் மூச்சு எனக்குக் கேட்கத் தொடங்கியது. படியேறினால் முழங்கால் கேட்டது. சாப்பிட்டபின் வயிறு கேட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர் வாசிகசாலையில், என்னைப்போலத் தங்கள் உடம்பின் சத்தம் கேட்கத் தொடங்கிய சிலர் ஒரு வாசகர் வட்டம் வைத்திருந்தார்கள். கதைப் புத்தகமோ அரசியலோ அங்கே எடுபடாது. உடம்பை நோயில்லாமல் வைத்திருப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் மட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கூடுவார்கள். ஒருவர் எழும்பித் தனக்குப் பிடித்த புத்தகத்தைச் சொல்லி, அது தன் உடம்பில் என்ன செய்தது என்றும் சொல்லுவார். குளிர்நீர் வைத்தியப் புத்தகத்தைச் சிபாரிசு செய்தவர், விடியப்புறம் கீரிமலைக் கேணியில் கழுத்தளவு நின்றுவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்து, தும்மலுக்கும் தும்மலுக்கும் இடையில் அதன் அருமையை விளக்கினார். உணவை மென்று கூழாக்கி விழுங்கச் சொல்லும் புத்தகத்தைப் பின்பற்றியவருடைய மத்தியானச் சாப்பாடு தேநீர் நேரத்திலும் முடிவதில்லை என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் அந்தப் புத்தகங்களுக்காகத்தான் போனேன். சிரித்துக்கொண்டே போய், பயந்துகொண்டே வாசித்தேன்.

வட்டத்துக்கு எழுதிவைத்த யாப்பு இருந்தது. அதில் இரண்டு விதிகளை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தான் வாசித்துக் கடைப்பிடித்த புத்தகத்தை மட்டுமே ஒருவர் சிபாரிசு செய்யலாம். ஒரு புத்தகத்தை வாசியாதவர் அதை எதிர்த்துக் கதைக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி பாராளுமன்றத்துக்கும் இருந்தால் நாடு கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

விதியில் இல்லாத ஒரு வழக்கமும் இருந்தது. இந்தியாவிலிருந்து புத்தகங்கள் வருவது சுருங்கிப்போன காலம். தலைமன்னார்க் கப்பலில் யாருடைய சேலைகளுக்கு நடுவிலாவது ஒரு பிரதி வந்து சேர்ந்தால் அதுதான் ஊருக்கே பிரதி. ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர்களின் உடம்பு வருத்தங்கள் காத்திருக்குமா? ஆகவே வட்டத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சட்டம்பியார், சவர அலகால் புத்தகத்தின் தையலை அறுத்து அதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிப்பார். ஒவ்வொரு பங்குக்கும் மண்ணிறத் தாளில் அட்டை போட்டுச் சணல் நூலால் தைப்பார். ஒருவர் முதற்பங்கு, ஒருவர் நடுப்பங்கு, ஒருவர் கடைசிப்பங்கு. அடுத்த கூட்டத்தில் மாற்றிக்கொள்வார்கள். கதைப் புத்தகத்துக்கு இதைச் செய்தால் கொலை. வைத்தியப் புத்தகத்தில் யாரும் குற்றம் காணவில்லை. முழங்கால் நோகிறவருக்கு முழங்கால் அதிகாரம் கிடைத்தால் போதும். எனக்கும் அது இயல்பாகவே பட்டது. ஒரே கோப்பை நாலு மேசைகளுக்குப் பிரித்து அனுப்பி, எந்த விஷயத்தின் தொடக்கமும் எவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்ட அலுவலகத்தில் வேலை செய்தவனல்லவா நான்.

அந்த ஆண்டு தடித்த புத்தகமொன்று வந்தது. பழ உணவு, பச்சைக் காய்கறி, உபவாசம், வெயிற் குளிப்பு என்று எல்லாம் இருந்தது. சட்டம்பியார் அதை மூன்றாக்கினார். முன்னுரைகளில் பிரியமுள்ளவர் ஆகையால் முதற்பங்கைத் தானே வைத்துக்கொண்டார். கடைசிப்பங்கு குளிர்நீர்க்காரருக்குப் போனது. நடுப்பங்கு என் அத்தானுக்கு.

அத்தான் என் அக்காவின் கணவர். புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, முந்திரிகைப் பந்தல் போட்ட வளவில் இருந்தார்கள். முந்திரிகை என்று நாங்கள் சொல்வது கொடியில் குலைகுலையாகக் காய்க்கும் பழம். வெளியூர்க்காரர் திராட்சை என்பார்கள். அச்சில் வந்தது நடக்கும் என்று நம்பிய மனிதர் அவர். ரயில் பிந்தினால் ரயிலைக் குறை சொல்வாரே தவிர நேர அட்டவணையைக் குறை சொல்லமாட்டார். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் டொக்டர் எழுதித் தந்த குளிசை போட்டுக்கொண்டு, குரக்கன் பிட்டைக் கசப்போடு பார்த்துக்கொண்டு, ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலிப் படலையைச் சாத்தாமலே வந்தார். அக்கா படலையைச் சாத்தாமல் வந்து நான் கண்டதில்லை.

"தம்பி, உன்ரை அத்தான் குளிசையை விட்டிட்டார்."

"எப்ப தொடக்கம்?"

"போன பூரணைக்கு முன்னமே. இப்ப முந்திரிகைப்பழம்தான் சாப்பாடு. காலமையும் அது, மத்தியானமும் அது. சோத்தைக் காட்டினால் மற்றப் பக்கம் பாக்கிறார்."

"ஏனாம்?"

"புத்தகத்திலை கிடக்காம்."

"என்னட்டை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் நீ நக்கலாக் கதைப்பாய். அவர் இன்னும் வீம்பு பிடிப்பார்." அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "வேலியோரம் அவர் ஒண்டுக்குப் போற இடத்திலை எறும்பு மொய்க்குது தம்பி. பந்தல் கம்பி குத்தின கால்விரலும் காயேல்லை. கிட்டப் போனால் அழுகல் மணம் மணக்குது."

சீனி வருத்தக்காரரின் காலில் ஆறாத புண் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஊன்றுகோலோடு கச்சேரிக்கு வந்த ஓய்வூதியக்காரர்கள் எத்தனை பேரின் பத்திரங்களை நான் பார்த்திருப்பேன். அக்காவுக்கு முன்னால் அதைச் சொல்லவில்லை. சேட்டைப் போட்டபோது பொத்தான்கள் ஒரு துளை மாறிப் பூட்டுப்பட்டன.

அத்தான் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கைப்பிடியில் மண்ணிற அட்டை போட்ட நடுப்பங்கு மூடியபடி இருந்தது. பக்கத்துக் கோப்பையில் கழுவிய பழங்கள்.

"வாரும் மச்சான். ஒரு குலை எடும். எங்கடை பந்தல்தான்."

"அத்தான், குளிசை போடுறேல்லையாம்."

"குளிசை நஞ்சு."

"ஆர் சொன்னது?"

"புத்தகம்."

"டொக்டர் வேறை மாதிரியெல்லோ சொன்னவர்."

"அவர் வாயாலை சொன்னவர். இது அச்சிலை கிடக்கு."

"உங்களுக்குக் களைப்பில்லையோ?"

"ஏன் இல்லை? களைப்பும் கிடக்கு, தாகமும் கிடக்கு. உள்ளுக்குக் கிடக்கிற அழுக்குக் கிளம்பேக்கை ரெண்டும் வருமெண்டு போட்டிருக்கு. வந்திட்டுது. அப்ப சரியான பாதையிலைதானே போறம்?"

நான் சொல்லவந்த ஒவ்வொரு ஆபத்தையும் அந்தப் புத்தகம் எனக்கு முன்னமே போய்ப் பிடித்து வைத்திருந்தது. மெலிவா? நல்லது. மயக்கமா? மிக நல்லது. செத்துப் போனால் முழுக் குணம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்க வாய் உன்னியது. அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டேன்.

"காலைக் காட்டுங்கோ."

"காலுக்கு ஒண்டுமில்லை." காலை இழுத்துச் சாரத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் அக்கா சொன்ன மணம் எனக்கும் வந்துவிட்டது. "மச்சான், இந்தப் புத்தகத்தை நீர் வாசிச்சனீரோ?"

"இல்லை."

"பிறகென்ன கதை? விதி தெரிஞ்ச மனுசன்."

விதி தெரிந்த மனுசன் வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். நடுப்பங்கில் இருப்பதைத்தான் அவர் கடைப்பிடிக்கிறார். அதற்கு முன்னால் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று என் மனம் அரித்தது. எந்தச் சுற்றறிக்கையையும் இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்து உருப்பட்டவன் இல்லை. யாருக்கு இது பொருத்தம், யாருக்கு விலக்கு என்பது எப்போதும் முதலாம் பக்கத்தில்தான் இருக்கும். இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் என்னிடம் வேறு வழி இல்லை. அந்த நினைப்போடு மிதித்ததில் சங்கிலி இரண்டு முறை கழன்றது.

சட்டம்பியார் முற்றத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். முதற்பங்கு வேண்டும் என்றேன்.

"பங்கு மாத்திறது கூட்டத்திலைதான்."

"மாத்தத் தேவையில்லை. பாத்திட்டுத் தாறன்."

"பாக்கிறதும் வாசிக்கிறதும் ஒண்டுதானே. நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்."

வட்டத்தில் எனக்கும் ஒரு பதவி தந்திருந்தார்கள். "நான் கணக்காய்வாளர். வட்டத்தின்ரை எந்தப் பொருளையும் எந்த நேரமும் பரிசோதிக்கலாம். யாப்பைப் பாருங்கோ."

"எழுத்திலை அறிவிச்சால் பரிசோதிக்கலாம்."

"தாளைத் தாருங்கோ."

நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்து, திகதி போடவில்லை என்றார். என்னைப் போன்ற ஒருவனிடம் அகப்பட்டவர்கள் வருடக்கணக்காக என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அந்தக் கணத்தில் விளங்கியது. திகதி போட்டேன். உள்ளே போய் முதற்பங்கை எடுத்து வந்தார்.

முன்னுரை. பாயிரம். இயற்கையின் பெருமை. பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டினேன்; விரல் காய்ந்து போயிருந்தது. கடைசி அதிகாரத்தில் இருந்தது. எந்த நோய்க்காரர் இனிவரும் எந்த அதிகாரத்தைப் பின்பற்றலாம் என்று வரிசையாகப் பிரித்திருந்தார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பழ உணவு. நீரிழிவுக்காரருக்குப் பாகற்காயும் கீரையும். மருந்தை நிறுத்துவது வைத்தியரைக் கேட்டுத்தான். அத்தான் இத்தனை நாளும் யாரோ ஒருவரின் மலச்சிக்கலுக்கான வைத்தியத்தைத் தன் சீனி வருத்தத்துக்குச் செய்துகொண்டிருந்தார்.

அதைச் சட்டம்பியாருக்குக் காட்டினேன். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கதிரையைப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டித் தேடி உட்கார்ந்தார்.

"நான்தான் நடுப்பங்கை அவருக்குக் குடுத்தனான். பழம் விருப்பமெண்டு கேட்டு வாங்கினவர்."

"இதை நான் கொண்டு போறன்."

"கொண்டு போம். நானும் பின்னாலை வாறன்."

கையெழுத்துக் கேட்கவில்லை. அவர் அப்படி விட்டது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

திரும்பிப் போகும் வழியில் வேறொரு கவலை பிடித்தது. சரியான தாள் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டுபோகிறவன் நான். அச்சை நம்புகிற அத்தான் என்னை நம்பியதில்லை. நான் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு நையாண்டி இருக்கும் என்று தேடுவது அவர் பழக்கம். தேடினால் பெரும்பாலும் இருக்கும்.

நான் போனபோது அவர் இன்னும் சரிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. முதற்பங்கைக் கையில் கொடுத்து, இந்தப் பக்கத்தைப் பாருங்கோ என்றேன். வாங்கினார். கிட்டக் கொண்டுபோனார். தூரப் பிடித்தார். சரித்துப் பிடித்தார்.

"நீர் வாசியும். என்ரை கண்ணாடியை எங்கை வைச்சனோ."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நடுப்பங்கு ஏன் மூடிக் கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மனப்பாடமானபடியால் அல்ல. எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாகவோ, யாருக்கும் சொல்லாமல், ஞாபகத்தில் இருந்த புத்தகத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாசித்தேன். குரலை ஆனமட்டும் தட்டையாக வைத்துக்கொண்டு வாசித்தேன். நீரிழிவு என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதை நீராச் சேர்த்து வாசிக்கிறீர்."

"சத்தியமா இல்லை அத்தான்."

"நீர் சத்தியம் பண்ணினால்தான் எனக்குச் சந்தேகம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நாக்கு வாயில் ஒட்டிக் கதை குழறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்கிற நிலையிலும் இருக்கமாட்டார் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால், நல்ல உயரமான மனிதர், கதிரைக் கைப்பிடியை விடமாட்டார். போனாலும் அங்கே குளிசையைத் துப்புவார். என் கையில் சரியான பக்கம் திறந்தபடி இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

அக்கா வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். அக்கா பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் விரித்து நான் பார்த்ததில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, சொல்லின்மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தார். இடையில் நிறுத்தி, "நீரிழிவெண்டால் சீனி வருத்தம்தானே?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கையையும் உயர்த்தவில்லை.

"கடைசிப் பக்கத்தை எடு," என்றார் அத்தான். "கடைசி வரி என்ன?"

அக்கா புரட்டினார். "நீரிழிவு உடையவர்களுக்கு இந்தப் பழ உணவு முறை எவ்விதத்திலும்…"

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. தாள் முடிஞ்சுது."

வெளியே பந்தலில் காகம் ஒன்று பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரும் எழும்பித் துரத்தவில்லை.

"பொருந்தாது," என்றார் அத்தான்.

"என்ன?"

"என்ரை பங்கின்ரை முதற் சொல். மேலை தனியக் கிடந்தது. எது பொருந்தாதெண்டு ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்தன். பிறகு, பிழையா அச்சடிச்சுப் போட்டாங்களெண்டு விட்டிட்டன்."

நான் நடுப்பங்கை எடுத்து முதற்பக்கத்தைப் பார்த்தேன். மேலே இடது மூலையில் அந்த ஒரு சொல், முற்றுப்புள்ளியோடு. அதன்கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழங்களின் பெருமை தொடங்கியது. ஆயுளில் ஒரேயொரு முறை அத்தான் அச்சைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அதுவும் இந்த இடத்தில்.

"காரைப் பிடியும் மச்சான்," என்றார்.

சந்தியில் நின்ற வாடகைக் காரைக் கொண்டுவந்தேன். சட்டம்பியாரும் வந்து சேர்ந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எந்தச் சாளரத்தில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும், யாரிடம் சொன்னால் நோயாளர் வாட்டுக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். செய்து முடிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுதான் கஷ்டம். டொக்டர் இளைஞர். என்ன சாப்பிட்டவர் என்று கேட்டார்.

"முந்திரிகைப்பழம்," என்றார் அக்கா.

"வேறை?"

"வேறை இல்லை."

அவர் பேனையை வைத்தார். "இதை ஆர் சொன்னது?"

"புத்தகம்…" என்று சட்டம்பியார் தொடங்கினார். டொக்டர் மிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. புண்ணைப் பார்த்துவிட்டு, காலைக் காப்பாற்றலாமோ என்று பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தைப்பற்றி எனக்கு அதிகம் எழுத விருப்பமில்லை. பார்வையாளர் நேரத்தில் போவோம். போர்வைக்குக் கீழே இரண்டு பாத மேடுகளும் தெரிகின்றனவா என்று வாட்டு வாசலிலிருந்தே என் கண் தேடும். தெரிந்தபின்தான் உள்ளே கால் போகும். அக்காவும் அதைத்தான் தேடினார் என்று பிறகு சொன்னார். ஒரு நாள் ஒரு மேடு கொஞ்சம் சிறுத்திருந்தது. ஒரு விரலை எடுத்திருந்தார்கள். கால் தப்பியது.

அந்த மாதக் கூட்டத்துக்குச் சட்டம்பியார் புத்தகத்தின் மூன்று பங்குகளையும் ஒன்றாகத் தைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இனிமேல் எந்தப் புத்தகத்தையும் பிரிப்பதில்லை என்ற பிரேரணையை அவரே கொண்டுவந்தார். குளிர்நீர்க்காரர் எதிர்த்தார். பிரித்ததில் பிழையில்லை, முதற்பங்கை முதலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுப் பிரிக்கலாம் என்பது அவர் வாதம். ஒரு மனிதரின் கால்விரல் போன பிறகும் விவாதம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரேரணை நிறைவேறியது. கூட்டம் முடிந்து போகும்போது அந்த முழுப் புத்தகத்தைத் தனக்குத் தரும்படி மூன்று பேர் கேட்டார்கள். அன்று இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

அத்தானின் பார்வை ஓரளவு திரும்பியது. சிறிய எழுத்துக்குப் போதாது. புத்தகம் இல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது. இப்போது அக்காதான் வாசிக்கிறார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலுக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, அட்டையில் தொடங்கி, அச்சகத்தின் விலாசம் உட்பட, ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்கிறார் அத்தான். அக்காவும் வாசிப்பார். ஆனால் குளிசையை அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் முதற் சொல்லுக்கு விரல் போகும்.

"இண்டைக்கு ரெண்டு பக்கம் கூட வாசியப்பா," என்று அத்தான் கெஞ்சுவார்.

"நாளைக்கும் குளிசை கிடக்கு," என்பார் அக்கா.

நான் அந்த நேரம் பார்த்து, பத்திரிகை இரவல் வாங்குகிற சாக்கில் அங்கே போவதுண்டு. எனக்கு வேண்டியது பத்திரிகை அல்ல என்று இருவருக்கும் தெரியும். அத்தான் என்னைக் கண்டதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி எனக்கும் காட்டுவார். நையாண்டிக்குத்தான் காட்டுகிறார். நான் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பத்திரிகையை எடுப்பேன்.